துணியில் சாயும் லேஸ், காதில் தொங்கும் லேஸ்: டாட்டிங் பற்றி ஒரு விரிவான பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இது. வீடியோ பார்த்து டாட்டிங் கற்றுக்கொண்டார்; ஷட்டில் என்ற சின்னக் கருவியில் நூலைச் சுற்றி, முடிச்சு முடிச்சாக லேஸ் போடும் கைவேலை அது. பாட்டியின் கைக்குட்டை ஓரத்தில் இருந்த லேஸைப் பார்த்து அதே மாதிரியைப் போட்டார். புதுக் கைக்குட்டைக்கு நன்றாகவே வந்திருக்கிறது. அதே மாதிரியைக் கம்மலாகச் செய்தால் துவண்டு போகிறது, ஓரம் சுருள்கிறது. ஜோசஃபின் முடிச்சு, க்ளூனி இலை, மணி கோர்ப்பது என்று அலங்காரத் தையல்கள் நிறைய இருக்கின்றனவே, எவற்றைக் கற்றால் நகை நன்றாக வரும், புதுச்சேரிக் கடைகளுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். கேள்வி தையல்களின் பட்டியலைக் கேட்பதுபோல இருந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: ஒரே லேஸ் துணியில் நிற்கிறது, காதில் ஏன் நிற்கவில்லை? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தத் தையல் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நான் புதுச்சேரியில் பல வருஷமாகத் தையலும் லேஸும் சொல்லித் தருகிறேன். நான் கற்றது கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்பில். அங்கே டாட்டிங் என்றால் ஓர லேஸ் மட்டும்தான்: கைக்குட்டை, பலிபீடத் துணி, முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் முக்காடு. நகை என்ற பேச்சே கிடையாது. ஓர லேஸுக்குத் துணி முதுகெலும்பு. லேஸ் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், ஒரு வளையம் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருந்தாலும், துணியில் தைத்து நீவிவிட்டால் அடங்கிவிடும். கம்மலுக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஒரு புள்ளியில் தொங்கிக்கொண்டு, தன் வடிவத்தைத் தானே தாங்க வேண்டும். அதனால் ஓர லேஸில் அலங்காரமாக இருக்கும் தையல், நகையில் எலும்பாக வேலை செய்தாக வேண்டும். அப்படி வேலை செய்யாத அலங்காரத்தை நகையில் வைக்காதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விவரம்.

முதலில் முடிச்சு. டாட்டிங் முழுவதும் ஒரே ஒரு முடிச்சுதான். இரண்டு அரை முடிச்சுகள் சேர்ந்து ஒரு டபுள் ஸ்டிட்ச். ஷட்டில் நூலால் முடிச்சுப் போடுகிறோம், ஆனால் இழுக்கும்போது அந்த முடிச்சு விரலில் இருக்கும் நூலுக்கு மாறிவிட வேண்டும். ஷட்டில் நூல் நேராக நடுவில் ஓட வேண்டும். பூக்கட்டத் தெரிந்த கைக்கு இதில் பாதி ஏற்கெனவே வரும். விரலில் நூலைச் சுற்றி, இழுவையைப் பிடித்து, சமமாக இறக்குவது அங்கேயும் உண்டு. வராதது அந்த மாற்றம் மட்டும்தான். இழுக்கும் நேரத்தில் இடது கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக வைத்தால் முடிச்சு தாவும். தாவாவிட்டால், ஷட்டில் நூலை இழுத்து முடிச்சு வரிசையை வளையமாக மூட முடியாது. ஒவ்வொரு முடிச்சுக்குப் பிறகும் உள்நூலை ஒரு சிறு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஓடவில்லையென்றால் அந்த ஒரு முடிச்சை ஊசியால் பிரித்துவிடலாம். இருபது முடிச்சு போட்டு வளையத்தை மூடும்போது கண்டுபிடித்தால் கத்தரிக்கோல்தான்.

உங்கள் படங்களில் கைக்குட்டை லேஸையும் கம்மலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே இழுவை. ஓர லேஸுக்கு அது சரியான இழுவை: முடிச்சுகள் நெருக்கமாக, ஆனால் அழுத்தமில்லாமல். நகைக்கு இன்னும் ஒரு சுற்று இறுக்கம் வேண்டும். முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து முடிச்சோடு நகத்தால் தள்ளி ஒட்ட வையுங்கள். சங்கிலிப் பகுதிகளில், அதாவது பந்திலிருந்து வரும் இரண்டாவது நூலில் முடிச்சுகளை நிறுத்தி வளையமாக மூடாமல் விடும் பகுதிகளில், இது இன்னும் முக்கியம். வளையத்தை மூடும்போது அதுவே தன்னை இறுக்கிக்கொள்ளும், சங்கிலிக்கு அப்படி எதுவும் இல்லை. கம்மலின் ஓரம் சுருள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: இறுகிய வளையங்களுக்குப் பக்கத்தில் தளர்ந்த சங்கிலிகள், அல்லது நேர்மாறாக. சங்கிலியில் முடிச்சு எண்ணிக்கை அதிகமானால் ஓரம் அலையலையாகும். குறைந்தால் கிண்ணம்போலக் குழியும். உங்களுடையது குழிகிறது, ஆகவே வெளிச்சுற்றுச் சங்கிலிகளில் ஒன்றிரண்டு முடிச்சுகளைக் கூட்டிப் பாருங்கள். இழுவையை மாற்றுவதும் எண்ணிக்கையை மாற்றுவதும் ஒரே நேரத்தில் வேண்டாம். எது காரணம் என்று தெரியாமல் போகும்.

நூல் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் ஆங்க்கர் மாதிரியான குரோஷா நூல் போதும். மெர்சரைஸ் செய்த பருத்தியாக, முறுக்கு கெட்டியாக இருக்க வேண்டும். மெர்சரைஸ் செய்வது என்றால் பருத்தி நூலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்துவது. ஜான் மெர்சர் 1850-இல் காப்புரிமை பெற்ற முறை. இழுத்துப் பிடித்த நிலையில் அதைச் செய்தால் பளபளப்பும் வலுவும் கூடுகின்றன என்பது அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. எண் கூடக் கூட நூல் மெலியும்: 20 தடிப்பு, 40 நடுத்தரம், 80 மிக மெல்லியது. கைக்குட்டைக்கு 40 அல்லது 80, கம்மலுக்கு 20, ரவிக்கைக் கைக்கு 20 அல்லது 40 என்று தொடங்குங்கள். எம்பிராய்டரிக்கு விற்கும் ஆறிழை நூல் வேண்டாம், இழை பிரிந்து முடிச்சுக்குள் மாட்டும். நம் ஊரில் ஜிமிக்கியிலும் வளையலிலும் சுற்றுகிறார்களே, அந்த சில்க் த்ரெட், பார்க்கக் கண்ணைப் பறிக்கும்; ஆனால் வழுக்கும், போட்ட முடிச்சு நாளடைவில் தளரும். ஜரிகை நூலை வளையத்தில் உள்நூலாக ஓடவிட்டால் உரசி உரிந்துவிடும். ஆசையாக இருந்தால் சங்கிலிக்கான பந்து நூலாக மட்டும் வையுங்கள், அங்கே அது முடிச்சாக நிற்குமே தவிர ஓடாது.

ஓர லேஸில் நீங்கள் ஏற்கெனவே தேறிவிட்டீர்கள். இருந்தாலும் விற்பனைக்குப் போகும்போது அளவுதான் தொல்லை கொடுக்கும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லேஸை முழுவதும் முடித்துவிட்டுத் துணிக்குப் பொருந்துமா என்று பார்க்காதீர்கள். முதலில் நான்கு மடங்கு மட்டும், அதாவது ஒரு வளையமும் ஒரு சங்கிலியுமாக நான்கு முறை போட்டு, நனைத்து, உலர்த்தி, அளக்க வேண்டும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: நான்கு மடங்கும் சேர்ந்து 5.6 செ.மீ. அப்படியானால் ஒன்று 1.4 செ.மீ. கைக்குட்டையின் ஒரு பக்கம் 28 செ.மீ. என்றால் பக்கத்துக்கு 20 மடங்கு, நான்கு பக்கத்துக்கு 80, மூலைகள் தனி. 29 செ.மீ. துணியாக இருந்தால் லேஸை இழுத்துப் பொருத்த நினைக்காமல் துணியின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் மடித்து 28 ஆக்குங்கள். துணி வளைந்துகொடுக்கும், டாட்டிங் கொடுக்காது. நூலையும் இப்படியே கணக்கிடலாம். ஷட்டிலில் 2 மீட்டர் அளந்து சுற்றி அந்த மாதிரித் துண்டைப் போடுங்கள். மீந்ததை அளந்தால் எவ்வளவு செலவு என்று தெரியும். 80 செ.மீ. போயிருந்தால் ஒரு மடங்குக்கு 20, எண்பதுக்கு 16 மீட்டர். ஷட்டில் நூல் தீர்ந்து புது நூல் சேர்க்கும்போது வளையத்தின் நடுவில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நடுவில் முடிச்சு இருந்தால் வளையம் மூடாது. ஒரு வளையம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்தான் அதற்கு.

மூலைக்கு இரண்டு வழி. மூலையில் வரும் சங்கிலியின் முடிச்சுகளை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குவது எளிது. ஆனால் துவைத்தபின் அந்த நீண்ட சங்கிலி சற்றுத் தொங்கும். பக்கத்து இரண்டு வளையங்களும் சேரும் இடத்தில் மூன்றாவதாக ஒரு வளையத்தைச் செருகி மூன்று இதழாக விரிப்பதுதான் எனக்குப் பிடித்தது. பழைய கைக்குட்டைகளில் அடிக்கடி பார்ப்பதும் இதுதான். ரவிக்கைக் கழுத்து, கை போன்ற வளைவுகளில் கதை வேறு: லேஸின் துணிப் பக்கத்தைவிட வெளிப்பக்கம் நீளமா, குட்டையா என்பது வளைவைப் பொறுத்தது, கழுத்துக்குள் விழும் லேஸுக்கு வெளிப்பக்கம் குறைய வேண்டும், இல்லையென்றால் கொசுவம் விழும். தைக்கும்போது துணிப் பக்கத்துப் பிக்கோக்களை மட்டும் பிடித்து, சின்னச் சின்னதாகச் சாய்த்துத் தையுங்கள். பிக்கோ என்று நான் சொல்வது முடிச்சுகளுக்கிடையில் விடும் நூல் காதைத்தான், புடவைக்கு மெஷினில் அடிக்கும் பீக்கோவை அல்ல. இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் பாதிதான் பிக்கோவின் உயரம், 1 செ.மீ. இடைவெளி விட்டால் அரை செ.மீ. காது வரும். எல்லாம் ஒரே உயரமாக வர அட்டைத் துண்டு ஒன்றை நறுக்கி அளவாக வைத்துக்கொள்வது அவமானம் இல்லை. நான் இன்றும் வைத்துக்கொள்கிறேன். துணியையும் நூலையும் தைப்பதற்கு முன்பே ஒருமுறை நனைத்துவிட வேண்டும். சிவப்பு, கறுப்பு, கரும்பச்சை நூலாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இனி நகைக்கு வருவோம். ஓர லேஸை நகையாக்கும்போது முதலில் செய்ய வேண்டியது, கூட்டுவதல்ல, குறைப்பது. பிக்கோக்களைக் குறையுங்கள். ஓரத்தில் தூசிபோல மெல்லிய காதுகள் நின்றால் கைக்குட்டைக்கு அது அழகு. கம்மலில் அவை முடியில் மாட்டும், துப்பட்டாவில் மாட்டும், சில நாளில் வளைந்து நைந்துபோகும். இணைப்புக்கு வேண்டிய பிக்கோ இருக்கட்டும், அதையும் மிகக் குட்டையாக விடுங்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவே நீண்ட பிக்கோ இருந்தால் அங்கே ஒரு கீல் உருவாகிவிடுகிறது. உங்கள் கம்மல் மடங்குவது அந்தக் கீல்களில்தான். வளையங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும்படி இணைத்துப் பாருங்கள், பாதித் துவளல் அங்கேயே போய்விடும்.

இணைப்பிலும் வகை உண்டு. வழக்கமான இணைப்பில் உள்நூல் இன்னும் ஓடும், அதனால் பின்னால் இழுத்தால் சங்கிலி சுருங்கும். ஷட்டில் நூலையே பிக்கோவின் ஊடாக இழுத்துப் பூட்டும் லாக் ஜாயின் போட்டால் அதுவரை போட்டது அப்படியே உறைந்துவிடும், பின்னால் என்ன செய்தாலும் நகராது. கம்மலின் வெளிச்சுற்றில் ஒவ்வொரு சங்கிலியின் முடிவிலும் இதைப் போடுங்கள். கைக்குட்டை ஓரத்தில் இதை அதிகம் போட்டால் லேஸ் விறைத்து நிற்கும், நீவினாலும் படியாது. ஒரே தையல், ஓரிடத்தில் குணம், இன்னோரிடத்தில் குற்றம்.

ஜோசஃபின் முடிச்சைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். டபுள் ஸ்டிட்சின் ஒரே ஓர் அரையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, எட்டோ பத்தோ பன்னிரண்டோ ஆனதும் வளையமாக மூடினால் சின்னதாக ஒரு குமிழ் உருளும். அழகு, சந்தேகமில்லை. ஆனால் அது தனக்குத் தானே பாரமே தவிர, பக்கத்தில் இருப்பதைத் தாங்காது. நகையில் அதைச் சங்கிலியின் முதுகில் ஏற்றி வைத்தால் சங்கிலி அந்த இடத்தில் சாயும். இரண்டு சங்கிலிகள் சந்திக்கும் மூலையில், பூட்டு இணைப்புக்கு மேல் வைத்தால் மூலைக்குக் கனம் கொடுத்து வடிவத்தைப் பிடிக்கும். மூடும்போது வேகமாக இழுக்காதீர்கள், அரை முடிச்சுகள் தாறுமாறாக ஏறிக்கொள்ளும்; மெல்ல இழுத்து, நகத்தால் வளைத்துவிட்டு, பிறகு கடைசி இழுப்பு. ரவிக்கைக் கழுத்தில் போடுவதாக இருந்தால் குமிழ் தோலில் படாத பக்கமாக வரட்டும். நம் ஊர் வெயிலுக்கு வியர்வையோடு அது உறுத்தும்.

அதே அரை முடிச்சை வளையமாக மூடாமல் சங்கிலியாகவே நீட்டினால் அது தானாகத் திருகிச் சுருளாக ஓடும். கழுத்துக் கயிறாக இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை: தட்டையாகக் கிடக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை, திருகலே அதற்கு வலு. முதல் அரையில் நான்கு, இரண்டாம் அரையில் நான்கு என்று மாற்றி மாற்றிப் போட்டால் திருகாமல் நெளிநெளியாக வரும். சாதாரணச் சங்கிலியைவிடச் சற்றுத் தடித்து நிற்பதால் கம்மலின் வெளிவட்டத்துக்கு ஏற்றது. இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோக்களில் இவற்றுக்கு அவ்வளவு மவுசு இல்லை, பார்க்க எளிமையாக இருப்பதால் என்று நினைக்கிறேன்.

க்ளூனி இலை நேர் எதிர். மூன்று இழையைக் கையில் பாவாக நிறுத்தி, ஷட்டிலை ஊடையாக விட்டு நெய்து, கடைசியில் இழுத்து இலையாக்குவது. பெயரைப் பார்த்து ரோமன் ரோலன் வீதியில் இருக்கும் நம் க்ளூனி மடத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். பாரீஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருந்த பழைய லேஸ் மாதிரிகளை வைத்து வந்த பெயர் அது. நெசவு என்பதால் இலை தட்டையாக, கெட்டியாக நிற்கும், நகைக்குப் பிரமாதம். ஆனால் ஒரே அளவில் இரண்டு இலை போடக் கை பழக நாளாகும், கம்மலுக்கோ இரண்டு காதும் ஒத்துப்போக வேண்டும். முதலில் பதக்கத்தில் போட்டுப் பழகுங்கள், அங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன் நீங்கள் கற்க வேண்டியதாக நான் நினைப்பது ஸ்ப்ளிட் ரிங். வளையத்தின் ஒரு பாதியை வழக்கம்போல ஒரு ஷட்டிலால் போட்டு, மறுபாதியை இரண்டாவது ஷட்டிலால், எதிர்ப்பக்கத்திலிருந்து, முடிச்சை மாற்றாமல் போட வேண்டும். இதுவரை பாடுபட்டுப் பழகிய மாற்றத்தை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறோம், அதனால்தான் முதலில் குழப்பும். பலன் என்னவென்றால், தொடங்கிய இடத்திலேயே முடியாமல் வளையத்தின் எதிர்முனையில் வெளியே வரலாம். நூலை வெட்டாமல் அடுத்த சுற்றுக்கு ஏறலாம், வளையங்களை வரிசையாகக் கோர்த்துக்கொண்டே போகலாம். நகையில் முதலில் கெடுவது நூல் முனைகள் மறைத்த இடம். முனை குறைந்தால் பழுதும் குறையும். தவிர்க்க முடியாத முனைகளை முடிச்சுகளின் ஊடாக ஊசியால் இரண்டு திசையிலும் ஓட்டி மறைத்து, ஒரு துளி துணிப் பசை வைத்து, காய்ந்த பிறகே வெட்டுங்கள்.

மணி. ஓர லேஸில் மணி பளபளப்புக்கு, கம்மலில் எடைக்கு. கம்மலின் அடிமுனையில், நடுக்கோட்டில், ஒரே ஒரு கனமான மணி தொங்கினாலே மேலே உள்ள லேஸ் நேராகிவிடும். இரண்டு பக்கமும் சமமாக மணி வைத்து அழகுபார்த்தால் அகலவாட்டில் இழுத்துத் தட்டையாகவும் நிற்காது, தொங்கவும் தொங்காது. பாசிமணியிலும் எண் கூடினால் அளவு குறையும்: 8 எண் மணி சுமார் 3 மி.மீ., 11 எண் சுமார் 2 மி.மீ., 15 எண் சுமார் 1.5 மி.மீ. 20 எண் நூலுக்கு 8, 40 எண் நூலுக்கு 11 என்று வைத்துக்கொண்டால் நூல் சிரமமில்லாமல் நுழையும். பிக்கோவில் உட்காரும் மணிகளைத் தொடங்கும் முன்பே எண்ணிக் கோர்த்துவிட வேண்டும், நடுவில் சேர்க்க வழியில்லை. சங்கிலிக்கானது பந்து நூலில், வளையத்துக்கானது ஷட்டில் நூலில். இணைப்பில் உட்காரும் மணியை மட்டும் மெல்லிய குரோஷா ஊசியால் பிக்கோவில் ஏற்றி அப்போதைக்கப்போது வைக்கலாம். விளிம்பு கூரான மலிவு மணிகளை விரல் நகத்தில் உரசிப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள், அவை உள்ளிருந்தே நூலை அறுக்கும்.

விறைப்புக்குக் கஞ்சி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கைக்குட்டைக்கும் மேசை விரிப்புக்கும் அரிசிக் கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ தண்ணீராகக் கரைத்துப் போடுவது நல்ல பழக்கம், அடுத்த துவையலில் போய்விடும். நகைக்கு வேண்டாம் என்பேன். வியர்வை பட்டால் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு விருந்து. சர்க்கரைக் கரைசல் போடச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகள் உண்டு, நம் வீட்டு எறும்புகளை அறியாதவர்கள் எழுதியது. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் பின்பக்கம் மட்டும் தடவுவது ஓரளவுக்கு நிற்கும், ஆனால் சாதாரண வெள்ளைப் பசையும் ஈரத்தில் இளகக் கூடியதுதான். ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் எனத் தொடங்கி, வீணான துண்டு ஒன்றில் சோதித்துப் பாருங்கள். சரியான அளவு நூலுக்கு நூல் மாறும். இழுவையும் இணைப்பும் சரியாக இருந்தால் இது எதுவுமே தேவைப்படாது என்பது என் அனுபவம். பசையை நம்பி லேஸ் போட்டவர்களின் கம்மல்கள் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். எப்படியானாலும் முடித்ததும் நனைத்து, துண்டின்மேல் வடிவம் பார்த்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்தி உலர வைப்பதைத் தவிர்க்காதீர்கள்.

உலோகத்தைப் பற்றி, கடலோரத்தில் இருப்பதால், ஒரு எச்சரிக்கை. கடலூரிலும் புதுச்சேரியிலும் காற்றில் உப்பு இருக்கிறது. முலாம் பூசிய மலிவுக் கொக்கிகளின் முலாம் தேய்ந்ததும் உள்ளே இரும்பு என்றால் துரு, பித்தளை என்றால் பச்சை. இரண்டும் வெள்ளை நூலில் இறங்கினால் போகாது. வெள்ளிக் கொக்கி கறுப்பதும் லேஸில் படியும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி வாங்குங்கள். நிக்கல் முலாம் சிலருக்குக் காதில் அரிப்பைக் கொடுக்கும் என்பதும் இன்னொரு காரணம். லேஸை நேராகக் கொக்கியில் மாட்டாமல் நடுவில் ஒரு சிறு உலோக வளையம் போட்டால், கொக்கி கெட்டாலும் லேஸைத் தொடாமல் மாற்றலாம்.

பாட்டியின் கைக்குட்டை எவ்வளவு பழசு என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். டாட்டிங்கைப் பண்டைய எகிப்து வரை கொண்டுபோகும் கதைகளுக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இன்று நாம் போடும் வடிவம் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1850-களில் எலியனோர் ரீகோ த லா பிரான்ஷார்தியேர் வெளியிட்ட மாதிரிப் புத்தகங்கள் அதை இங்கிலாந்தில் பரப்பின. ஆரம்பத்தில் வளையங்கள் மட்டும்தான், நடுவில் வெறும் நூல். பந்து நூலைச் சேர்த்துச் சங்கிலி போடுவது பின்னால் வந்தது. ஒரு லேஸில் சங்கிலி இல்லை என்பதால் மட்டும் அது அந்தக் காலத்தது என்று முடிவு கட்ட முடியாது, வளையம் மட்டுமுள்ள மாதிரிகளை இன்றைக்கும் போடுகிறோம். மடங்களும் மிஷன் பள்ளிகளும் நம் பக்கம் லேஸ் வேலையைப் பரப்பின என்பது பொதுவாகச் சரி: நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார், ஆந்திரத்தில் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் பெயர்போனது. ஆனால் நாகர்கோவிலில் வளர்ந்தது மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் பாபின் லேஸ், நரசாபுரத்தில் குரோஷா. இரண்டும் டாட்டிங் அல்ல. உங்கள் பாட்டி புதுச்சேரி மடத்தில் கற்றிருக்கலாம் என்று நீங்கள் எழுதியிருப்பது நடந்திருக்கக் கூடியதே. லேஸைப் பார்த்து மட்டும் அதை நிரூபிக்க முடியாது, குடும்பத்துப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். நூல் பருத்தியா என்பதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. தளர்ந்த முனை ஏதாவது இருந்தால் ஒரு துணுக்கு எரித்துப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். துணி நைந்திருந்தால் லேஸை அறுக்காமல் துணி இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து விடுவிக்கலாம், பொறுமைதான் வேண்டும்.

விற்பனை. ஓர லேஸை மீட்டர் கணக்கில் விற்று உங்கள் நேரத்துக்குக் கூலி வராது என்பது என் அபிப்பிராயம். ஞாயிற்றுக்கிழமை எம்.ஜி. ரோடு சந்தையில் மெஷின் லேஸ் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள், புரியும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கையால் போட்டதற்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிய வைக்க எளிய வழி, ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி வரிசையாக நிற்கும் முடிச்சுகளைப் பூதக்கண்ணாடியில் காட்டுவது. மெஷின் லேஸில் அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தையல் நூல்கள்தான் தெரியும். கம்மலும் பதக்கமும் பரவாயில்லை, நூல் சொற்பம், நேரம் குறைவு, அளவுத் தொல்லை இல்லை. வெள்ளைக்காரத் தெருக் கடைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால், சரக்கை வாங்கிக்கொண்டு விற்ற பிறகு காசு கொடுப்பவர்கள் யார், ரொக்கமாக வாங்குபவர்கள் யார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எந்தக் கடை நல்லது, என்ன விலை வைக்கலாம் என்பதில் நான் யோசனை சொல்வது சரியாக இருக்காது, நான் சொல்லிக்கொடுப்பவள், வியாபாரி அல்ல. ஒரு ஜோடிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு விலை யோசியுங்கள். ஒரு ஜோடியின் இரண்டு கம்மல்களையும் ஒரே பந்து நூலில், ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். இடையில் நாள் விட்டால் கையின் இழுவை மாறி, அதே எண்ணிக்கை முடிச்சு போட்டும் ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக வரும்.